பொன்னாடை இருக்கிறதே, பெல்ட் எதற்கு?

எங்கள் வகுப்பின் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர்களுக்குக் கௌரவ பிளாக் பெல்ட் கொடுப்பதில்லை. ஏன் என்று இந்த வருடமும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் எங்களுக்கு வேண்டியவர்கள்தான். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், ஹால் தந்து உதவுகிறவர்கள். விழாப் பரபரப்பில் நின்றுகொண்டே ஏதோ பதில் சொன்னேன், சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: குழித்துறைப் பக்கம் சாயங்கால வேளைகளில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன், ஷோட்டோகான் முறை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பிள்ளைகளோடு எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் சிலர் வருகிறார்கள். வகுப்பில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். எண்ணுவது மட்டும் ஜப்பானிய மொழியில், இச்சி, நி, சான். நான் படித்தது திருவனந்தபுரத்தில். ஆனால் எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை என்றால் என்ன என்று முதலில் பார்த்தது எங்கள் வீட்டு முற்றத்தில். அம்மாவைப் பெற்ற பாட்டா வர்ம ஆசான். வர்மம் என்றால் உடம்பில் அடிபட்டால் ஆபத்தான உயிர்நிலை இடங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஹாலில் மேட் கிடையாது, சிமெண்ட் தரைதான். விழுந்தால் முழங்கை உரிந்துவிடும். மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மேட் வாங்கப் பணம் தந்தார். கேட்காமலே தந்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அந்த வருட விழாவுக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தோம். விழாக் குழுவில் ஒருவர், "டீச்சர், அண்ணாச்சிக்கு ஒரு கௌரவ பிளாக் பெல்ட் குடுத்திரலாம். சர்டிபிகேட்டும் ஃபிரேம் போட்டு வாங்கிரலாம், அதுக்குன்னு ஆள் இருக்கு" என்றார். ஆள் இருந்தது உண்மைதான். ஒரு தொகை கட்டினால் போதும். பெயர் எழுதி, தங்க நிறத்தில் முத்திரை ஒட்டி, பிளாக் பெல்ட்டில் எத்தனையாவது டான், அதாவது எத்தனையாவது படி வேண்டுமோ அதைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

நான் முடியாது என்றேன். பொன்னாடை போர்த்தலாம், மாலை போடலாம், மேட்டுக்குப் பணம் தந்தவர் என்று ஹால் சுவரில் பெயர் எழுதி வைக்கலாம், பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று குனிந்து வணங்கலாம். பெல்ட் மட்டும் முடியாது. மேடை ஏறும் முன்பே விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. பொன்னாடையை வாங்கிக்கொண்டார், இரண்டு வார்த்தை பேசினார், சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முடிவு சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஒருவருக்கு மரியாதை செய்ய நம்மிடம் குறைவா என்ன? பொன்னாடை இருக்கிறது, மாலை இருக்கிறது, வெற்றிலைத் தட்டு இருக்கிறது. பொன்னாடையில் எனக்குப் பிடித்த விஷயம், போர்த்திக்கொண்டவரைப் பற்றி அது எந்தப் பொய்யும் சொல்வதில்லை. உங்களை மதிக்கிறோம் என்பதோடு நின்றுவிடும். பிளாக் பெல்ட் அப்படி இல்லை. இவருக்கு இந்த வித்தை வரும், பக்கத்தில் நின்று நான் பார்த்தேன், இவருக்காக நான் பதில் சொல்வேன் என்று ஒரு ஆசிரியர் ஊரறியச் சொல்வது அது. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று நான் எப்படிச் சொல்வேன்?

பெல்ட் ஏதோ ஆயிரம் வருடத்துப் பழக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டான் என்கிற தரவரிசை முதலில் இருந்தது கோ என்ற பலகை ஆட்டத்தில். 17ஆம் நூற்றாண்டில் ஹோனின்போ டோசாகு என்ற ஆட்டக்காரர் அதை ஒழுங்குபடுத்தினார். 1882ல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய கானோ ஜிகோரோதான் அதை ஜூடோவுக்குள் கொண்டுவந்தார். 1883ல் தோமிதா சுனேஜிரோ, சைகோ ஷிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். கருப்பு பெல்ட் வந்தது அதற்கும் சில வருடம் கழித்து. ஒகினாவாவில் கராத்தே பழகியவர்களுக்கு அந்தக் காலத்தில் பெல்ட்டே கிடையாது. 1922ல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்த ஃபுனாகோஷி கிச்சின், கானோவின் முறையைப் பார்த்து 1924 ஏப்ரலில் தன் மாணவர்கள் சிலருக்குக் கருப்பு பெல்ட் கொடுத்தார். கராத்தேயில் முதல் பிளாக் பெல்ட்கள் அவைதான். நூறு வருடம் இப்போதுதான் தாண்டியிருக்கிறது. வெள்ளை பெல்ட் வருடக்கணக்கில் அழுக்கேறிக் கருப்பானதுதான் பிளாக் பெல்ட் என்று பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். அழகான கதை, ஆனால் கதை. பெல்ட்டைத் தாராளமாகத் துவைக்கலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கானோ முதலில் வகுப்பு நடத்தியது எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், 12 பாய் விரிக்கும் அளவுள்ள ஒரு அறையில். 12 பாய் என்றால் எங்கள் ஹாலில் ஒரு மூலை. அந்த அறையில் யார் எப்படி விழுகிறார்கள், யார் எப்படி எழுகிறார்கள், யாருக்கு எப்போது கோபம் வருகிறது என்பதெல்லாம் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது. ஜூடோவின் டான் பிறந்தது அப்படிப்பட்ட அறையில். இரண்டு பேருக்குக் கொடுத்தார், இரண்டு பேரையும் அவருக்கு முழுசாகத் தெரியும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2009ல் ஒபாமா சியோல் போனபோது தென்கொரிய அதிபர் அவருக்கு அந்நாட்டுத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் உடையும் கௌரவ பிளாக் பெல்ட்டும் கொடுத்தார். 2013ல் புதினுக்கு உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு கௌரவ 9ஆம் டான் கொடுத்தது. 2021 நவம்பரில் டிரம்புக்கும் 9ஆம் டான் கிடைத்தது. கொடுத்தது குக்கிவோன், டேக்வாண்டோவின் தலைமைப் பயிற்சிக்கூடம். முறைப்படி டேக்வாண்டோ பழகுகிற ஒருவருக்கு 9ஆம் டான் என்பது ஏறக்குறைய ஒரு வாழ்நாள். 8ஆம் டானிலிருந்து 9க்குப் போக மட்டுமே 9 வருடம் காத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய படிகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். அப்படி நரைத்துப்போன மனிதர்கள் கொரியாவில் இருக்கிறார்கள். அவர்கள் இடுப்பில் இருக்கும் அதே எண் ஒரு கைகுலுக்கலில் இன்னொருவருக்குப் போகிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்ததும் அந்தக் கூட்டமைப்பு புதினின் 9ஆம் டானைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு அறிக்கையில் பறித்துவிட முடிந்தது என்றால், அதைக் கொடுத்தபோது அவரிடம் என்ன போய்ச் சேர்ந்தது? அதே மனிதர் சிறுவயதில் லெனின்கிராடில் ஜூடோ பழகியவர். அந்த ஜூடோவை யாராலும் பறிக்க முடியாது. அவர் செய்கிற காரியம் எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை, அதனால் அவர் உடம்பு கற்றது இல்லாமல் போய்விடாது. எங்கள் பக்கம் பனையேறிப் பிழைத்தவர்களின் நெஞ்சிலும் பாதத்திலும் காய்ப்பு இருக்கும். அதைப் போல்தான் இதுவும். கொடுக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது.

அப்படியானால் வித்தை தெரிந்த கெட்டவனுக்கும் பெல்ட் உண்டா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு நான் கராத்தே புத்தகங்களில் பதில் தேடியதில்லை. பாட்டாவிடமிருந்தே எனக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

அடிமுறையில் பெல்ட் கிடையாது, டான் கிடையாது, சான்றிதழும் கிடையாது. இடுப்பில் கச்சை கட்டுவார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி. வெற்றிலை பாக்கில் ஒரு ரூபாய் வைத்துத் தட்சிணை கொடுத்துச் சேர்ந்த பையனும், பத்து வருடம் பழகியவனும் ஒரே முற்றத்தில் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள். ஆனாலும் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எப்படி? ஆசான் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பதை வைத்துத்தான். முதலில் ஒற்றைச்சுவடு, அதாவது அடியெடுத்து வைக்கும் முறை. அது காலில் படியும்வரை வேறு பேச்சு இல்லை. அப்புறம் கூட்டுச்சுவடு, கம்பு, கத்தி, ஆளைப் பிடித்து மடக்கும் பூட்டு. வர்மம் கடைசியில். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அதைச் சொல்லிக்கொடுக்க 12 வருடம் ஆளைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அடிக்கும் இடத்தைக் காட்டுவதற்கு முன்னால், அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையைக் காட்டுவார் பாட்டா. எண்ணெய் காய்ச்சவும், எலும்பு முறிந்தவனைப் பிடித்துக்கொள்ளவும், கட்டுப் போடவும் பொறுமை இல்லாதவனுக்கு அடுத்த பாடம் கிடையாது.

ஒருவரைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள். பாட்டாவிடம் பல வருடம் பழகியவர், சுவடு வைத்தால் தரை அதிரும், கம்பெடுத்தால் யாரும் கிட்டே போக முடியாது. ஒருநாள் அவர் மனைவி முகம் வீங்கி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பாட்டா அவளுக்கு மருந்து போட்டு அனுப்பினார். அந்த மனிதரைத் திட்டவில்லை, முற்றத்துக்கு வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் வந்துகொண்டே இருந்தார், பழைய சுவடுகளையே போட்டுக்கொண்டிருந்தார், பின்னால் சேர்ந்த பையன்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசிவரை ஒரு வர்மம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்து தர நிர்ணயம் என்றால் இதுதான். ஆசான் உன்னை நம்பி எதை ஒப்படைத்திருக்கிறார் என்பதே உன் படி. இங்கே கௌரவப் பட்டத்துக்கு இடமே இல்லை. யாருக்கும் மரியாதைக்காக ஒரு வர்மத்தைச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. சொல்லிக்கொடுத்தால் அவர் கையில் ஒரு உயிர் இருக்கிறது.

வடகேரளத்திலும் இதே கதைதான். வடகரையின் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரியில் இறங்கியவர், எழுபதைத் தாண்டியும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாளும் கேடயமுமாக நின்றவர். 2017ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது நாடு செய்த மரியாதை, சந்தோஷம். ஆனால் அவரைக் களரி ஆசானாக்கியது பத்மஸ்ரீ இல்லை. அந்த விருது வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவரிடம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பெல்ட்டைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு மிகவும் நெருக்கமானது. ஃபுகுதா கெய்கோ என்ற பெண். 1913ல் பிறந்தவர். ஜூடோவுக்கு மூலமான ஜுஜுத்சுவைக் கானோவுக்குச் சொல்லிக்கொடுத்த ஃபுகுதா ஹச்சினோசுகேயின் பேத்தி. 1935ல் கோடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார், கானோவிடமே கற்றார். கல்யாணம் செய்தால் ஜூடோவை விட வேண்டியிருக்கும் என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1953ல் 5ஆம் டான் வாங்கினார். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்பது அப்போதைய வழக்கம். அவர் காலத்தில் சேர்ந்த ஆண்களும், அவருக்குப் பின்னால் வந்த ஆண்களும் 6, 7, 8 என்று போய்க்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தார். அவருக்காகப் பலர் கோரிக்கை எழுப்பிய பிறகே 1972ல் 6ஆம் டான் வந்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரே படியில். 2006ல், தொண்ணூறு வயது தாண்டிய பிறகு, கோடோகான் 9ஆம் டான் கொடுத்தது. 10ஆம் டானை கோடோகான் கொடுக்கவேயில்லை. அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011ல் கொடுத்தது, அவருடைய 98ஆம் வயதில். 2013ல் இறந்துபோனார்.

இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் அறுபது எழுபது வருடம் பாயிலேயே வாழ்ந்த ஒரு பெண்ணுக்குப் பெண் என்பதாலேயே தராமல் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் அந்தப் படிகளை ஏறி வராத ஆண்களுக்குப் பதவிக்காகக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் தவறு ஒன்றுதான். முன்னால் நிற்கிற ஆளின் வித்தையைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். என்னிடம் படிக்கிற பெண்பிள்ளைகள் ஒருநாளும் இந்த இரண்டு அநியாயத்தையும் என் கையால் பார்க்கக் கூடாது.

போன வருடம் ஒரு பையனுக்கு பிரவுன் பெல்ட் கொடுத்தபோது, இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டேன் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். இதுவும் கௌரவ பெல்ட் மாதிரிதானே என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவன் ஒரு விபத்தில் அடிபட்டவன், இடது கால் வலதைவிடக் குட்டை, முட்டி முழுசாக மடங்காது. அந்தக் காலில் நேர் உதை அவனால் இடுப்புக்கு மேல் தூக்க முடியாது. மற்ற பிள்ளைகளுக்கு உதை நெஞ்சு உயரம் வர வேண்டும் என்று கேட்கிற நான் அவனிடம் வேறு கேட்டேன்: ஊன்றுகிற கால் அசையாமல் நிற்கிறதா, இடுப்பு முன்னால் வருகிறதா, உதைத்த காலை அவசரப்பட்டுக் கீழே போடாமல் மடக்கி எடுக்க முயல்கிறாயா. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருப்பான். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியும் முன்னே வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் மகனை சைக்கிளில் கொண்டு வந்து விட்டுவிட்டு ஹால் படியிலேயே தூங்கிப்போவார். அந்தப் பையனுக்கு நான் எதையும் சும்மா கொடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு கஷ்டம் அவனுக்கும் கிடைத்தது, அவன் உடம்புக்குத் தக்கபடி. ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன். எவ்வளவு உயரம் உதைத்தான் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்காக நான் பதில் சொல்வேனா என்று கேட்டால், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட் தருகிற வகுப்புகள் பக்கத்தில் இருக்கின்றன என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கருப்பு பெல்ட் கட்டி போட்டோ எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அதனால் வருகிற கெடுதல் பத்து வயதில் தெரியும். எல்லாம் முடிந்துவிட்டது என்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடும். என்னிடம் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பல வருடம் ஆகும், அதை முதல் நாளே சொல்லித்தான் சேர்க்கிறேன்.

பெல்ட்டுக்கான தேர்வான கிரேடிங்கில் நான் எதைப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அது தெரியாததால்தான் இத்தனை பேச்சு. பஸ்ஸாய் டாய் என்கிற கட்டா, அதாவது வரிசைப்படுத்திய அசைவுகள், சுத்தமாக வர வேண்டும், அது அடிப்படை. அதை ஒருமுறை இல்லை, களைத்துப்போன பிறகு மறுபடியும் செய்யச் சொல்வேன். களைத்த உடம்பு பொய் சொல்லாது. குமிதேயில், அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சியில், பலமானவனோடு நிறுத்துகிறேன், அப்புறம் வெள்ளை பெல்ட் கட்டிய சின்னப் பிள்ளையோடு நிறுத்துகிறேன். இரண்டாவதுதான் முக்கியம். கை அந்தப் பிள்ளையின் மூக்குக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கிறதா, பிள்ளை தடுமாறினால் இவன் காத்திருக்கிறானா, முடிந்ததும் அதே அளவு குனிந்து வணங்குகிறானா என்று பார்ப்பேன். தேறவில்லை என்று சொன்ன பிறகு வருகிற திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறானா என்பதையும் பார்ப்பேன். அது தேர்வுத்தாளில் இல்லாத மதிப்பெண், ஆனால் அடுத்த முறைக்கு அதைத்தான் முதலில் நினைத்துக்கொள்வேன்.

மேட் வாங்கித் தந்த அந்தப் பெரியவரின் பேத்தி இப்போது என்னிடம்தான் படிக்கிறாள், மஞ்சள் பெல்ட். அன்றைய என் முடிவு அவருக்கு இன்றுவரை பிடித்திருப்பதாகத் தெரியவில்லை, அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. பேத்தியை மட்டும் ஒரு வகுப்பு தவறாமல் அனுப்புகிறார். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த கிரேடிங் ஓணம் விடுமுறை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை. பாறசாலைப் பிள்ளைகளுக்கும் அது வசதி என்பதால்தான் அந்த நாள். பெற்றோர் தயவுசெய்து ஹாலுக்கு வெளியே உட்காருங்கள், ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ரிசல்ட் அன்றைக்கே சொல்ல மாட்டேன், செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வேன். அதனால் கேக் வாங்கிக்கொண்டு வந்து காத்திருக்க வேண்டாம். கட்டணம் கட்டியதாலேயே பெல்ட் உறுதி இல்லை. தேறாதவர்கள் அடுத்த முறை மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, பழைய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.